பெரிய இன நாய்க்குட்டிகளுக்கு வரும் முன்னங்கால் முட்டிக் கோளாறு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எல்போ டிஸ்பிளாசியா, அதாவது முன்னங்கால் முட்டியின் எலும்புகள் சரியாகப் பொருந்தாமல் வளரும் கோளாறு பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் எலும்பு மூட்டுச் சிகிச்சை பார்க்கும் கால்நடை மருத்துவர்தான், ஆனால் உங்கள் நாயைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து அளவு மட்டும் இங்கே கேட்க வேண்டாம், அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 6 மாதம். தூங்கி எழுந்ததும் முன்னங்காலை விந்தி விந்தி வைக்கிறான், கொஞ்ச நேரம் நடந்தால் சரியாகிவிடுகிறது. விளையாட்டில் சுளுக்கியிருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா டாக்டர்?

பதில்: சுளுக்கு என்றால் நாலைந்து நாளில் குறைந்துகொண்டே வர வேண்டும். எழுந்ததும் விறைப்பு, நடந்தால் சரி, நிறைய ஓடினால் மறுநாள் மறுபடி விந்தல் என்று வாரக்கணக்கில் போனால் அது மூட்டு. இந்தக் கோளாறு பெரும்பாலும் 4 முதல் 10 மாதத்துக்குள் தலைகாட்டும், உங்கள் பையன் சரியாக அந்த வயதில் இருக்கிறான். அதனால் காத்திருக்க வேண்டாம்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். கெட்டியான, வழுக்காத தரையில் ஒருவர் தளர்வான கயிற்றில் அவனை நடத்திக்கொண்டு வரட்டும், இன்னொருவர் எதிரில் தாழ உட்கார்ந்து போனில் ஸ்லோ மோஷனில் எடுக்கட்டும். வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். பிறகு அவன் நிற்கும்போது முன்னாலிருந்து பாருங்கள்: முட்டியை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறானா? உட்புறம் வலிப்பதால் பாரத்தை வெளிப்புறம் தள்ளுகிறான் என்று அர்த்தம். இந்த வீடியோவைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், ஏனென்றால் மருத்துவமனையில் பதற்றத்தில் பல நாய்கள் விந்தாமல் நடந்துவிடும்.

இன்னொரு விஷயம், இரண்டு முட்டியிலும் ஒரே அளவு கோளாறு இருந்தால் விந்தலே தெரியாது. குட்டி குட்டி எட்டு வைத்து நடப்பான், விளையாட்டின் நடுவில் உட்கார்ந்துவிடுவான், வீட்டில் எல்லோரும் அவனைச் சோம்பேறி என்பார்கள். 8 மாத லாப்ரடார் சோம்பேறியாக இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

கேள்வி: உள்ளே என்னதான் நடக்கிறது? எளிமையாகச் சொல்ல முடியுமா?

பதில்: முட்டியில் மூன்று எலும்புகள் சேர்கின்றன, மேலே ஒன்று, கீழே இரண்டு. மூன்றும் ஒரே வேகத்தில் வளர்ந்து ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகப் பொருந்த வேண்டும். ஒன்று சற்றுக் குட்டையாகவோ நீளமாகவோ போனால் பாரம் முழுவதும் ஒரு மூலையில் விழும். அந்த மூலையில் கொரோனாய்டு என்ற சின்ன எலும்பு முனை விரிசல் விடும், சில சமயம் துண்டாகவே உடையும். சில நாய்களுக்கு மூட்டின் பின்பக்க முனை முக்கிய எலும்போடு ஒட்டாமலே நின்றுவிடும், சில நாய்களுக்கு குருத்தெலும்பு ஏடாக உரியும். இவை எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர்தான் எல்போ டிஸ்பிளாசியா. எதில் தொடங்கினாலும் போய் நிற்கிற இடம் மூட்டுத் தேய்மானம். நாயின் உடல் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன, அதனால்தான் இந்த மூட்டில் சின்னக் குறை இருந்தாலும் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். கோல்டன் ரெட்ரீவர், 7 மாதம். ஆனால் விந்தல் போகவில்லை. யாரை நம்புவது?

பதில்: உங்கள் கண்ணையும் நம்புங்கள், அவர்களையும் நம்புங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அந்தக் கொரோனாய்டு முனை எக்ஸ்ரேயில் பக்கத்து எலும்பின் நிழலில் மறைந்துவிடும், ஆரம்ப நிலையில் படம் சுத்தமாக இருப்பது சகஜம். அடுத்த படி சி.டி. ஸ்கேன், அல்லது மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பி. சி.டி. எடுக்கும்போது இரண்டு முட்டியையும் எடுக்கச் சொல்லுங்கள், விந்தாத கால் உட்பட. ஆனால் ஒன்று, வலி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறிப் போனால் அது பானோஸ்டைட்டிஸ் என்ற வளர்ச்சிக் கால எலும்பு வலியாகவும் இருக்கலாம், அது தானாகவே அடங்கிவிடும். நீளமான எலும்பின் நடுவில் அழுத்தினால் வலிக்கிறதா, மூட்டை மடக்கினால் வலிக்கிறதா என்று உங்கள் மருத்துவர் கையாலேயே ஓரளவு பிரித்துவிடுவார்.

கேள்வி: டாக்டர், மாடிப்படி ஏற விட்டது என் தப்பா? பந்து எறிந்து ஓட விட்டதா? அழுகையாக வருகிறது.

பதில்: அழாதீர்கள். இது முதலில் பரம்பரைக் கோளாறு. ஒரே ஒரு மரபணு இல்லை, பல சேர்ந்து செய்யும் வேலை. லாப்ரடார், கோல்டன், ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்ட், பெர்னீஸ் மவுண்டன் டாக், நியூஃபவுண்ட்லேண்ட் போன்ற இனங்களில் அதிகம். வேகமாகக் கொழுக்க வைப்பது, அளவுக்கு மீறிய கால்சியம், கடுமையான குதிப்பு ஓட்டம் இவையெல்லாம் அதைக் கூட்டலாம், ஆனால் படிக்கட்டு மட்டும் இதை உருவாக்காது.

கால்சியம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அன்பினால்தான் அந்தக் கெடுதல் நடக்கிறது. வளர்ந்த நாய் தேவைக்கு மேல் கொடுத்த கால்சியத்தைக் குடலிலேயே ஓரளவு தடுத்துவிடும், சின்னக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, கொடுத்ததில் பெரும்பங்கை உடம்பில் ஏற்றிக்கொள்ளும். பெரிய இனக் குட்டிகளுக்கான முழுமையான உணவு கொடுக்கிறீர்கள் என்றால் கால்சியம் மாத்திரையோ டானிக்கோ வேண்டவே வேண்டாம். எலும்பு பலமாக வேண்டும் என்று கூடுதலாகக் கொடுப்பது எலும்பு வளர்ச்சியைக் குழப்பத்தான் செய்யும்.

கேள்வி: ஜெர்மன் ஷெப்பர்ட், ஐந்தரை மாதம். பின்பக்க முனை ஒட்டவில்லை என்கிறார்கள். ஆபரேஷனைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமா?

பதில்: இதில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்த முனை சாதாரணமாக 20 வாரத்துக்குள் ஒட்டிவிட வேண்டும். அதைத் தாண்டியும் பிளவு தெரிந்தால், கீழ் எலும்பு ஒன்றை வெட்டி மூட்டின் அழுத்தத்தைத் தளர்த்தி, தேவைப்பட்டால் திருகு போட்டு முனையை ஒட்ட வைக்க முயல்வார்கள். இளம் வயதில்தான் அது ஒட்டும் வாய்ப்பு அதிகம். முனை தளர்ந்து உருமாறிய பிறகு அதை எடுத்துவிடுவதுதான் வழியாகிவிடும். இந்த வாரமே எலும்பு அறுவை நிபுணரைப் பாருங்கள்.

கேள்வி: லாப்ரடார், 9 மாதம், சி.டி.யில் கொரோனாய்டு துண்டு தெரிகிறது. ஆபரேஷன் செய்தால் முழுசாகச் சரியாகிவிடுமா? செய்யாமல் விட்டால்?

பதில்: முழுசாகச் சரியாகாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துண்டை எடுத்தால் அது உரசும் வலி குறையும், பல நாய்கள் நன்றாகவே நடக்கும். ஆனால் மூட்டுப் பொருத்தத்தில் இருந்த குறை அப்படியேதான் இருக்கும், தேய்மானம் மெதுவாகத் தொடரும். நான் என்ன பார்ப்பேன் என்றால், வயது குறைவு, துண்டு தெளிவாகத் தளர்ந்திருக்கிறது, குருத்தெலும்பு இன்னும் நன்றாக இருக்கிறது, விந்தல் தெளிவாகத் தெரிகிறது என்றால் ஆர்த்ரோஸ்கோப்பிக்குச் சொல்வேன். விந்தல் லேசாக இருந்து, தேய்மானம் ஏற்கெனவே நிறைய வந்திருந்தால், எடை, மருந்து, பிசியோ என்று சில மாதம் நேர்மையாக முயன்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். எந்தப் பக்கம் போனாலும் எடையும் நடையும் உங்கள் பொறுப்பு, கத்தி அதைச் செய்யாது.

கேள்வி: அக்கா, என் ராட்வைலர் குண்டு இல்லை, எலும்பு கனம். ஆனாலும் டாக்டர் எடையைக் குறை என்றே சொல்கிறார்!

பதில்: தம்பி, அவர் சொல்வது சரி. நான் அதிகம் சண்டை போடுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். உள்ளங்கையை அவன் விலாவில் வைத்து, அழுத்தாமல் விரலை நகர்த்து. நீட்டி வைத்த கையின் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தெரியுமோ அப்படித் தெரிய வேண்டும். மடக்கிய கையின் விரல் கணு மாதிரி துருத்தினால் மெலிவு, உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் அவன் குண்டுதான். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்க வேண்டும். நாயின் உடல்கட்டை மதிப்பிடும் 9 புள்ளி அளவுகோலில் 4, மிஞ்சினால் 5.

2002இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசி வரை பார்த்தார்கள். ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு. குறைவாகச் சாப்பிட்டவை நடுத்தரக் கணக்கில் 13 வருடம் வாழ்ந்தன, மற்றவை 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இவ்வளவு பலன் தரும் மாத்திரை எதுவும் என்னிடம் இல்லை. சாப்பாட்டைக் கிண்ணத்தால் அளக்காதே, தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடு. தின்பண்டங்கள் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பயிற்சிக்குக் கொடுப்பதையும் அன்றைய உணவிலிருந்தே எடு. கருத்தடை செய்தால் கலோரித் தேவை இன்னும் குறையும். பெரிய இனத்துக்கு அதையும் வளர்ச்சி முடிந்த பிறகு செய்யலாமா என்று உன் டாக்டரிடம் பேசிக்கொள்.

கேள்வி: ராத்திரியில் வலியில் முனகுகிறாள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் அல்லது இப்யூபுரூஃபன் பாதி கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இப்யூபுரூஃபன் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு கொஞ்சம் தப்பினாலும் ஈரல் போகும். நாய்களுக்கென்றே கார்ப்ரோஃபன், மெலாக்ஸிகாம், ஃபிரோகாக்சிப் போன்ற மருந்துகள் இருக்கின்றன, மருத்துவர் எடை பார்த்துத் தருவார்.

கேள்வி: அந்த மருந்துகளைத் தினமும் கொடுத்தால் கிட்னி போய்விடும் என்கிறார்களே? வலி இருந்தால்தானே அடங்கி இருப்பான்?

பதில்: இந்த இரண்டாவது எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வலிக்கும் கால் பாரம் தாங்காது, பாரம் தாங்காத கால் தசை இழக்கும், தசை போனால் மூட்டு இன்னும் ஆடும். அப்புறம், பல மாதம் வலியிலேயே இருந்தால் நரம்புகள் சின்னத் தொடுதலையும் வலியாக உணரப் பழகிவிடும். அடக்கி வைக்கக் கயிறு இருக்கிறது, அதற்கு வலி வேண்டாம்.

பக்கவிளைவு பயம் நியாயமானது. தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி. சாப்பாட்டோடு கொடுங்கள். வாந்தி, கழிச்சல், கறுத்த மலம், சாப்பிட மறுப்பது, இதில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள். ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. மூட்டு வலிக்கு மாத ஊசியாக வரும் பெடின்வெட்மாப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள், 12 மாதம் ஆகாத நாய்க்கு அது கிடையாது.

கேள்வி: குளுக்கோசமின் பலன் தருமா?

பதில்: ஆதாரம் பலவீனம். ஒமேகா 3 மீன் எண்ணெய்க்கு அதைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் மீன் ஈரல் எண்ணெய் வேறு, அதில் வைட்டமின் ஏ, டி அதிகம், தொடர்ந்து அதிகமாகக் கொடுத்தால் அதுவே கேடு.

கேள்வி: 10 மாதக் குட்டியை எப்படி அடக்கி வைப்பது? நடக்கவே விடக் கூடாதா? நீச்சல் நல்லது என்கிறார்கள்.

பதில்: நடக்க விட வேண்டும், தினமும், ஒரே அளவில். முட்டியைக் கெடுப்பது நடை இல்லை, திடீர் பிரேக், திடீர் திருப்பம், உயரத்திலிருந்து குதிப்பது. பந்து துரத்தும் நாயை ஒருமுறை ஸ்லோ மோஷனில் பாருங்கள், பந்தைப் பிடிக்கும் அந்த நொடியில் முழு உடம்பும் முன்னங்கால்களில் இறங்கும். அதனால் பந்து வேண்டாம், மற்ற நாய்களோடு மல்லுக்கட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

கயிற்றில், நிதான வேகத்தில், 10 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை என்று தொடங்குங்கள். கண்டிப்பாக மறுநாள் காலையில் அவன் எழுவதைப் பாருங்கள். விறைப்பு கூடியிருந்தால் நேற்றைய நடை அதிகம், குறையுங்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தால் 5 நிமிடம் கூட்டுங்கள். வாரம் முழுக்க வீட்டில் வைத்துவிட்டு விடுமுறையில் ஒரு மணி நேரம் கூட்டிப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

நீச்சலைப் பொறுத்தவரை, முன்னங்காலால் துடுப்புப் போடும்போது முட்டி நடையைவிட அதிகமாக மடங்கி நீள்கிறது, வலியுள்ள முட்டிக்கு அது எல்லா நேரமும் ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. தண்ணீருக்குள் இருக்கும் டிரெட்மில் கிடைத்தால் அதுவே மேல், தண்ணீர் இடுப்பு மூட்டு மட்டத்தில் இருந்தால் உடல் எடையில் சுமார் 38 சதவீதம்தான் கால்களுக்கு வரும், வேகமும் நம் கையில். மற்றபடி அவன் மூளைக்கு வேலை கொடுங்கள். அன்றைய உணவில் பாதியைத் துண்டில் சுருட்டியோ அறையில் ஒளித்தோ தேட வையுங்கள், கால் மணி நேரம் மோப்பம் பிடித்தாலே நன்றாகக் களைத்துப் படுத்துவிடுவான்.

கேள்வி: வீட்டில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: வழுக்கும் தரையில் அவன் நடக்கும் பாதை முழுக்க விரிப்பு. நகத்தை வெட்டி வையுங்கள், நீண்ட நகம் பிடிப்பைக் கெடுக்கும். கட்டிலிலிருந்தும் காரிலிருந்தும் குதிக்க விடாதீர்கள், ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு அடி. சாய்பலகை வையுங்கள்.

கேள்வி: லேசான கோளாறுதான், ஒரே ஒருமுறை குட்டி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். எல்போ கிரேடு 0 (கோளாறு இல்லை) முதல் 3 (மிக மோசம்) வரை போடுவார்கள். 1 என்று வந்தாலும் நான் எடுக்க மாட்டேன். குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய், தந்தை இரண்டுக்கும் இந்த கிரேடு சான்றைக் கேளுங்கள், இடுப்புச் சான்று மட்டும் போதாது.

கேள்வி: 14 மாதம்தான் ஆகிறது, இரண்டு முட்டியும் போய்விட்டது என்கிறார்கள். கருணைக் கொலை செய்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். என்ன செய்வது டாக்டர்?

பதில்: இதுவரை என்னென்ன முயன்றீர்கள் என்று எழுதவில்லை. எடை சரியான அளவுக்கு வந்ததா, வலி மருந்து முழு அளவில் தொடர்ந்து சில வாரம் கொடுத்தீர்களா, அது போதாதபோது கூடவே வேறு வலி மருந்து சேர்த்தார்களா, மூட்டுக்குள் ஊசி போட்டுப் பார்த்தார்களா, எலும்பை வெட்டிப் பாரத்தை வெளிப்புறம் மாற்றும் அறுவை பற்றி நிபுணர் யாராவது பேசினாரா? இதில் பாதிகூட நடக்கவில்லை என்றால் அந்தப் பேச்சுக்கு இப்போது இடமே இல்லை. எக்ஸ்ரே மிக மோசமாக இருந்தும் சந்தோஷமாக நடமாடும் நாய்களைத் தினமும் பார்க்கிறேன், நாம் வைத்தியம் பார்ப்பது நாய்க்கு, படத்துக்கு இல்லை.

ஒரு நோட்டில் தினமும் நாலு விஷயம் குறியுங்கள்: எழும்போது விறைப்பு எவ்வளவு, நடைக்கு ஆசையாக வந்தானா, ராத்திரி தூங்கினானா, சாப்பிட்டானா. 6 வாரம் எழுதுங்கள். எல்லா மருத்துவமும் சரியாகச் செய்தும் மோசமான நாட்களே அதிகம் என்று அந்த நோட்டு சொன்னால், அப்போது உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசலாம், அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. முதலில் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு வேறொரு எலும்பு நிபுணரைப் பாருங்கள். இப்போது கொடுக்கும் மருந்துகளின் பெயர், அளவு, அவன் எடை மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள்.