வாளின் பிடியில் இருக்கும் பொன்

அன்புள்ள ஐயா,

லண்டன் அருங்காட்சியகங்களில் இருந்த அசாந்தே அரசவாள் 2024இல் அந்த அரசின் தலைநகரான, கானாவின் குமாசி நகருக்கு வந்ததைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பிடியில் பொன்தகடு போர்த்திய விதம்வரை எழுதியிருந்தீர்கள். ஆனால் அசாந்தே அரசு மனிதர்களைப் பிடித்து விற்ற அரசு. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? விற்றவர்களின் வாள் எங்கே இருந்தால் நமக்கென்ன?

கா.

அன்புள்ள கா.,

ஒரு வரிகூட இல்லை என்பது உண்மை. அழகான பொருளைக் கண்டால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும், பழைய வியாதி.

சரி, நான் வர்ணித்த அந்தப் பொன்னிலிருந்தே தொடங்குகிறேன். 1482இல் போர்த்துக்கீசியர்கள் இன்றைய கானாவின் கடற்கரையில் உள்ள எல்மினாவில் கோட்டை கட்டியது பொன்னுக்காகத்தான். வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் அவர்கள் அங்கே அடிமைகளை வாங்கவில்லை, விற்றார்கள். பெனின் பக்கமிருந்து ஆட்களைக் கப்பலில் ஏற்றிவந்து அக்கான் வணிகர்களிடம் (அசாந்தேக்களும் அக்கான் இனத்தவரே) கொடுத்துப் பொன் வாங்கினார்கள். சுமை தூக்கவும் காடு திருத்தவும் ஆள் தேவைப்பட்டது. அப்புறம் ஓட்டம் திசைமாறியது. 1701இல் அண்டை அரசான தெங்கிராவை வென்று அசாந்தே தலையெடுத்த காலத்தில் துப்பாக்கியும் வெடிமருந்தும் உள்ளே வந்தன, போர்க்கைதிகள் கடற்கரைக்குப் போனார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் அந்தக் கடற்கரைக்கு வைத்த 'பொற்கரை' என்பது பெயரளவில்தான்.

அசாந்தே மன்னர்களுக்கு இதில் கூச்சமும் இருக்கவில்லை. 1820இல் குமாசிக்கு வந்த பிரிட்டிஷ் தூதர் டூபுயியிடம் மன்னர் ஒசெய் பொன்சு கேட்டது பதிவாகியிருக்கிறது: முன்பு நல்லதாக இருந்த வியாபாரம் இப்போது எப்படிக் கெட்டதாயிற்று? ஆள்பிடிக்க நான் போர் செய்வதில்லை, ஆனால் போரில் ஒரு மன்னனை வென்றால் அவன் பொன்னும் என்னுடையது, அவன் ஆட்களும் என்னுடையவர்கள் என்றார். பிரிட்டன் அந்த வியாபாரத்துக்குத் தடைச்சட்டம் போட்டு அப்போது பதின்மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. இரண்டாவது வாதம் எனக்கு ஏற்பில்லை. முதல் கேள்விக்கு அந்தத் தூதர் நேர்மையாக என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

பிடிபட்டவர்கள் எல்லோரும் கப்பலேறவில்லை. பலர் அங்கேயே குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவருடைய பூர்வீகத்தை இன்னொருவர் வெளியே சொல்லக்கூடாது என்பது அசாந்தேயில் பழைய விதி. அடிமையின் பேரனை அவமானத்திலிருந்து காக்கும் விதி. அதே மூச்சில், அவன் பாட்டியை யார் பிடித்துவந்தார்கள் என்பதையும் மூடிவிடும் விதி. என் கட்டுரையின் மௌனத்துக்கு இந்தக் கருணைகூடக் காரணமில்லை.

ஆனால் 'எங்கே இருந்தால் என்ன' என்பதில் உங்களோடு வரமாட்டேன். 1874இல் பிரிட்டிஷ் படை குமாசிக்குள் புகுந்து, அரண்மனையைச் சூறையாடி, ஊருக்குத் தீவைத்துவிட்டுப் போனது. அடிமைகளை விடுவிக்க வந்த படை அல்ல அது. விற்றவனுக்கு வாளில் உரிமை இல்லையென்றால், வாங்கிக் கப்பலேற்றிய நாட்டுக்கு மட்டும் எப்படி வரும்? பதினெட்டாம் நூற்றாண்டில் அட்லாண்டிக்கைக் கடந்து மிக அதிகமாக ஆட்களை ஏற்றிச்சென்றவை பிரிட்டிஷ் கப்பல்கள்தான்.

தலைவர்கள் அசாந்தே மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யப் பயன்படும் வாள் அது. அதன்முன் நின்று உங்கள் கேள்வியைக் கேட்க உங்களையும் என்னையும்விட உரிமை உள்ளவர்கள் குமாசியிலேயே இருக்கிறார்கள், அந்த விதி வாயடைத்த குடும்பங்களில். அவர்கள் அதற்காக விசா எடுத்து லண்டன் போகவேண்டியதில்லை. இப்போதைக்குத்தான், லண்டன் அருங்காட்சியகங்கள் 2024இல் அதைக் கொடுத்தது மூன்று வருடக் கடனாகத்தானே.

பொன் வந்த கதையைக் கட்டுரையில் சேர்த்துவிடுகிறேன்.