பழைய பிஎஃப் பணத்தை எடுக்கலாமா, மாற்றலாமா?

வேலை மாறியாச்சு, மூன்றரை வருஷத்தில் சேர்ந்த 1,80,000 ரூபாய் பிஎஃப் பணத்தை எடுத்து மியூச்சுவல் ஃபண்டில் போடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்காதீர்கள். புது நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

ஐந்து வருஷத் தொடர் சேவை முடியாமல் எடுத்தால் வருமான வரி உண்டு. தொகை 50,000 ரூபாயைத் தொட்டுவிட்டால், பான் கொடுத்திருந்தாலும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். மாற்றினால் பழைய மூன்றரை வருஷமும் கணக்கில் சேரும். இன்னும் ஒன்றரை வருஷம்தான் பாக்கி. பென்ஷனுக்கும் அப்படித்தான், 10 வருஷ சேவை இருந்தால்தான் 58 வயதில் மாதாமாதம் வரும்.

பிஎஃப் பாஸ்புக்கில் நிறுவனம் போடும் பங்கு குறைவாகத் தெரிகிறதே என்றும் கேட்டீர்கள். யாரும் அமுக்கவில்லை. அதிலிருந்து மாதம் 1,250 ரூபாய் வரை பென்ஷன் நிதிக்குப் போய்விடுகிறது.

விண்ணப்பிக்கும் முன், நீங்கள் விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். என் பணம் நாலு மாதம் தொங்கியது இதனால்தான். அப்புறம் ஆதாரில் இனிஷியல் முன்னால், பிஎஃப்பில் பின்னால் என்று இன்னொரு கூத்து.

சரி, ஃபண்ட் ஆசையை விட வேண்டாம். புதுச் சம்பளத்தில் 2,000 ரூபாய்க்கு ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் போடும் முதலீடு, தொடங்குங்கள். ஏழெட்டு வருஷத்துக்குத் தேவைப்படாத பணமாக இருக்கட்டும். சொந்தக்காரர் யாராவது யூலிப் (காப்பீடும் முதலீடும் கலந்த பாலிசி) படிவத்தோடு வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.