பிழை யார் கணக்கில்?

அன்புள்ள ஐயா,

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். நாங்கள் எடுத்துச் சொல்லும் கோளாறுகளில் பல, ‘தெரிந்ததுதான், அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்’ என்று மூடப்படுகின்றன. வாடிக்கையாளரிடம் யாரும் மூச்சுவிடுவதில்லை. லாபம் ஒன்றே குறி என்று இருக்கும்வரை இந்தத் துறையை நம்ப முடியுமா? நிரலை யாரும் படித்துத் திருத்தலாம் என்று விடும் கட்டற்ற மென்பொருள்தான் ஒரே வழியோ?

எஸ்., சோழிங்கநல்லூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் பிரிட்டிஷ் போஸ்ட் ஆபீஸின் ‘ஹொரைசன்’ விவகாரத்தை நினைவூட்டியது. புஜிட்சு நிறுவனம் பராமரித்த அந்தக் கணக்கு மென்பொருள் 1999 முதல் கிளை அஞ்சலகங்களுக்குப் போனது. அதன் பிழைகளால் இல்லாத பற்றாக்குறைகள் கணக்கில் தோன்றின. அந்த அஞ்சலகங்களை நடத்தியவர்களில் பலர் சிறு கடைக்காரர்கள். ஹாம்ப்ஷயர் கிராமமொன்றில் கடை வைத்திருந்த ஜோ ஹாமில்டனுக்கு ஒருநாள் கணக்கில் சுமார் 2,000 பவுண்டு உதைத்தது. உதவி எண்ணுக்கு போன் செய்து, அவர்கள் சொன்னபடியே செய்தார். கண்ணெதிரே பற்றாக்குறை இரண்டு மடங்கானது. வீட்டை அடகு வைத்துப் பணம் கட்டினார். திருட்டு வழக்கைக் கைவிடுவதென்றால் பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள், ஒப்புக்கொண்டார். 2008இல் தண்டனை, 2021இல்தான் ரத்து. இப்படித் தண்டிக்கப்பட்டவர்கள் 900 பேருக்கும் மேல்.

உதவி கேட்டவர்களில் பலருக்குக் கிடைத்த பதில்: ‘உங்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது.’ புஜிட்சுவிடமோ தெரிந்த பிழைகளுக்கென்றே ஒரு பதிவேடு இருந்தது. பின்னாளில் வழக்கில் அதைக் கொடுக்காமல் இருக்க போஸ்ட் ஆபீஸ் மல்லுக்கட்டியது.

பணம் எந்தப் பக்கம் ஓடியது என்று பாருங்கள். கணக்கில் குறைந்ததைக் கிளைக்காரர்தான் கட்டவேண்டும் என்பது போஸ்ட் ஆபீஸின் நிலைப்பாடு. ஆக, மென்பொருள் தப்பாகக் கூட்டினால் போஸ்ட் ஆபீஸுக்கு வரவு. மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் தலையில் அந்தக் குறை விழவில்லை. கிளையின் மூலப்பதிவுகளைப் புஜிட்சுவிடம் போஸ்ட் ஆபீஸ் கேட்டு வாங்குவதற்கும் ஒப்பந்தத்தில் ஆண்டு வரம்பு இருந்தது, மீறினால் தனிக் கட்டணம். உண்மையைத் தேடினால் செலவு, தேடாவிட்டால் மிச்சம். போதாததற்கு, கணினிச் சான்றை நீதிமன்றத்தில் வைப்பவர் அது சரியாக இயங்கியது என்று காட்டவேண்டும் என்ற சட்டப்பிரிவையும் 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் நீக்கிவிட்டார்கள்.

அதனால் லாபத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. போஸ்ட் ஆபீஸ் அரசுக்குச் சொந்தமானது. சம்பாதிப்பதில் தப்பில்லை, சம்பாதித்தவன் தலையில் நஷ்டம் விழாதபடி ஒப்பந்தம் எழுதிக்கொள்வதுதான் கோளாறு. உங்கள் மேலாளர் கெட்டவராக இருக்கவேண்டும் என்றில்லை. பிழையை மூடினால் ரிலீஸ் தேதி தள்ளிப்போகாது, திறந்துவைத்தால் அவர் பதில் சொல்லவேண்டும். நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கை அதே பொத்தானுக்குத்தான் போகும்.

கட்டற்ற மென்பொருள் பாதி வழி. ஹாமில்டனின் வழக்கறிஞர் மூலநிரலையும் பிழைப் பதிவேட்டையும் பார்க்க முடிந்திருந்தால் கதையே வேறாகியிருக்கலாம். ஆனால் கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றோடு வரும் ஜிபிஎல் உரிமத்தையும் கடைசிவரை படித்துப் பாருங்கள்: எந்த உத்தரவாதமும் இல்லை என்று பெரிய எழுத்தில் இருக்கும். இலவசமாகக் கொடுப்பவர் அப்படிச் சொல்வதில் நியாயமுண்டு. கோடிகளில் விலை வைப்பவரும் அதையே சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த பொருள் பொறுப்புச் சட்டம் மென்பொருளையும் ஒரு பொருளாகவே கணக்கில் எடுக்கிறது. 2026 டிசம்பரிலிருந்து அமல். நீதிமன்றம் கேட்ட ஆவணத்தைத் தயாரிப்பாளர் தராவிட்டால் பொருளில் குறை இருந்ததாகவே அது கொள்ளும். எனக்கு இந்த ஒரு விதி போதும், மீதியை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் உடல், உடைமை, தரவு இவற்றுக்கு நேரும் சேதத்தோடு சட்டம் நின்றுவிடுகிறது. ஹாமில்டனுக்கு ஆனதுபோல் கணக்கில் மட்டும் பணம் போனால், அங்கேயும் இழப்பீடு கேட்க அந்தச் சட்டத்தில் வழியில்லை.