புடையன் கடிக்கு நானோபொடி மருந்தாகுமா?

கிளிநொச்சியில் வயல் செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார்: நானோபொடி (nanobody; தூள் அல்ல) என்றால் என்ன, புடையன் (கண்ணாடி விரியன்) பாம்பின் கடிக்கு அது உதவுமா?

நஞ்சையும் கிருமியையும் எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம் பிறபொருளெதிரி (antibody). வழக்கமாக அதில் பாரமான, இலேசான என இருவகைப் புரதச் சங்கிலிகள் இருக்கும். ஒட்டகத்தின் இரத்தத்தில் இலேசான சங்கிலிகளே இல்லாத பிறபொருளெதிரி ஒன்று உண்டு; பிரசல்ஸ் ஆய்வாளர்கள் 1993இல் அறிவித்தார்கள். அதில் நஞ்சையோ கிருமியையோ பற்றிப் பிடிக்கும் நுனித்துண்டு மட்டுமே நானோபொடி. எடை வழக்கமான பிறபொருளெதிரியில் பத்தில் ஒன்றுதான். பக்டீரியாவிலேயே உற்பத்தி செய்யலாம். அரிய இரத்த உறைவு நோயொன்றுக்கு கப்லாசிசுமாப் என்ற நானோபொடி மருந்து 2018இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

சரி, பாம்புக்கடி. இங்கே ஆஸ்பத்திரியில் ஏற்றுவது குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரி மருந்து. ஒவ்வாமை பலரைப் படுத்துகிறது. 2025இல் எட்டு நானோபொடிகளின் கலவை ஆப்பிரிக்க நாகம், மாம்பா நஞ்சுகளிலிருந்து எலிகளைக் காத்தது. எனக்குப் பெரிய நம்பிக்கை தந்த செய்தி. ஆனால் புடையன் நஞ்சு வேறு வகை, இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அந்தக் கலவை அதற்கானதல்ல. இன்றைக்கு வரப்பில் கடித்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குதிரை மருந்துதான் காக்கும்.