ஒன்றரை மார்க்

கேள்வி: 1995-ல் பிளஸ் டூ முடித்தேன். ஒன்றரை மார்க்கில் எம்.பி.பி.எஸ். சீட் கைநழுவியது. "என் பொண்ணு டாக்டர்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார் அப்பா. தனியார் கல்லூரிக்கு வசதியில்லை. இப்போது அவரும் இல்லை. நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. குறையொன்றும் இல்லை. ஆனாலும் என்னிடம் படித்த பிள்ளை வெள்ளை கோட்டோடு வந்து நின்றால், வீட்டுக்குப் போய் அழுகிறேன். "இன்னுமா அதையே நினைச்சிட்டிருக்க?" என்கிறார் கணவர். பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு ஆர்க்கிடெக்சர் ஆசை. நான் நீட் எழுதச் சொல்கிறேன். நானே எழுதலாமா என்றுகூடத் தோன்றுகிறது. இந்த ஏக்கத்திலிருந்து எப்படி மீள்வது?
– வாசகி, தஞ்சை மாவட்டம்

பதில்: சகோதரி, தாராளமாக அழுங்கள். முப்பது வருடமாகியும் ஆறவில்லையே என்று வெட்கப்படாதீர்கள். தமிழ்நாட்டில் 1984 முதல் 2006 வரை நுழைவுத் தேர்வு எழுதிய பலர், தங்கள் கட்-ஆஃபை இன்றும் தசமப் புள்ளியோடு சொல்வார்கள். உயிரியலுக்கு 100, இயற்பியல், வேதியியல் சேர்த்து 100, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300-க்குப் போட்ட கணக்கு அது. சீட் எத்தனையோ, அத்தனை பேரோடு கோடு நின்றுவிடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களிடம் திறமை குறைவு என்று அதற்கு அர்த்தமே கிடையாது.

நீட் எழுதலாமா என்கிறீர்கள். எழுதலாம். உச்ச வயது வரம்பை 2022-ல் எடுத்துவிட்டார்கள். அதற்கும் முன்பே, 2020-ல், ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 64 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார். சீட் கிடைத்தால் பயிற்சி மருத்துவக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். வேலை, சம்பளம், மகளின் படிப்புச் செலவு எல்லாவற்றையும் கணக்குப் போட்ட பிறகும் ஆசை நின்றால் எழுதுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது ஒன்று உறுத்தியது. அதில் கோட் வருகிறது, அப்பா வருகிறார், நோயாளி ஒருவர்கூட வரவில்லை. உங்களை அதிகம் வாட்டுவது அப்பாவின் பேச்சைக் காப்பாற்ற முடியாமல் போன வருத்தம்தானோ என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இன்று பட்டமே வாங்கினாலும் அதைக் காட்ட அவர் இல்லை. அந்தத் துக்கத்தைத் துக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றிக் கணவரிடம் பேசுங்கள். "சீட் போச்சு" என்றே கேட்டுப் பழகியவருக்கு, நீங்கள் அப்பாவை நினைத்து அழுவது இதுவரை தெரிந்திருக்காது.

நோயுற்றவர்களுக்கு உதவும் ஆசையும் நிஜமாகவே இருந்தால், அதற்கு இன்னும் வழியுண்டு. கேரளத்தின் மலப்புறம் பகுதியில் பல வருடங்களாகச் சாதாரண மக்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். இங்கேயும் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிலேயே வலிநிவாரண ஆதரவு சிகிச்சை தருகிறார்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறதா, தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்களா என்று விசாரியுங்கள். உடலைப் பற்றி எளிமையாகச் சொல்லித்தரத் தெரிந்த ஓர் உயிரியல் டீச்சர், நோயாளியின் குடும்பத்துக்குப் பெரிய துணை.

இதனால் ஏக்கம் அடியோடு போய்விடும் என்று நான் சொல்லவில்லை. மெடிக்கல் கவுன்சலிங் நடக்கும் நாட்களில் திரும்பவும் வரும். வந்துவிட்டுப் போகட்டும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, வேலையும் ஓடாமல் போனால் மட்டும் தாமதிக்காமல் ஆலோசகரிடம் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது.

மகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், இதற்குள் அவளை இழுக்காதீர்கள். நீங்கள் ஆசைப்பட்ட படிப்பு கிடைக்காமல் போன வலியை அவளுக்கும் கொடுத்துவிட வேண்டாம். ஆர்க்கிடெக்சருக்கு நாட்டா என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம், வரையும் திறனையும் சோதிப்பார்கள். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எப்போது என்று இன்றைக்கே அவளோடு உட்கார்ந்து பாருங்கள்.