லீவு போட்டும் அலுப்பு தீரலயா? கேளுங்க, சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பேக்டரி ஹெல்த் சென்டர்ல டாக்டரா இருக்கேன், அதுக்கு முன்னாடி ஓஎம்ஆர்ல ஐடி ஆளுங்களத்தான் நிறைய பாத்தேன். பர்ன் அவுட், அதாவது வேலையால ஆளே வத்திப்போறது, அத பத்தி வந்த கேள்விகளுக்கு பதில் போடறேன்.

கேள்வி (பெருங்குடி, ஐடி சப்போர்ட்): மேடம், ஒரு வாரம் ஊருக்குப் போய் நல்லா தூங்கிட்டு வந்தேன். திங்கக்கிழமை மதியத்துக்குள்ள பழையபடி ஆயிட்டேன். இது சோம்பேறித்தனமா?

பதில்: இல்ல தம்பி. வெறும் அலுப்புன்னா தூங்கினா போயிடும். உலக சுகாதார நிறுவனம் 2019ல பர்ன் அவுட்டுக்கு மூணு அடையாளம் சொன்னாங்க, உடம்பும் மனசும் வத்திப்போறது, வேலை மேலயே ஒரு வெறுப்பு வந்து ஒட்டாம போறது, நாம செய்யறது எதுவும் உருப்படலன்னு தோணறது. இத நோய்னு அவங்க சொல்லல, வேலைல சரி பண்ணாத நாள்பட்ட ஸ்ட்ரெஸ்ல வர்ற நிலைன்னுதான் சொன்னாங்க. அதனாலதான் நீங்க ஊர்ல தேறி வந்தாலும் அதே சீட்ல உக்காந்ததும் திரும்ப வருது.

கிறிஸ்டினா மாஸ்லாக்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், இதுலயே பல வருஷம் வேலை பாத்தவங்க, ஆறு இடத்துல பாக்கச் சொல்றாங்க: வேலைச் சுமை, நம்ம கையில இருக்கற கட்டுப்பாடு, பாராட்டும் சம்பளமும், கூட இருக்கறவங்க, நியாயம், நம்ம மனசுக்கு ஒத்துப்போறது. என்கிட்ட வர்றவங்க முக்காவாசிப் பேர் "வேலை ஜாஸ்தி"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, கொஞ்ச நேரம் பேசவிட்டா வேற ஒண்ணு வெளிய வரும். சாயங்காலம் கிளம்பற நேரம் பாத்து டிக்கெட்ட (கஸ்டமர் சொன்ன பிரச்சனைய) தலைல கட்டறாங்க, ஆன்கால் (ராத்திரி கூப்பிட்டா எடுக்கற முறை) யாருக்குன்னு அன்னிக்குத்தான் தெரியுது, இந்த மாதிரி. உங்க லீட்கிட்ட "ஒர்க் லோட கொறைங்க"ன்னு பொதுவா கேக்காதீங்க, அது எங்கயும் போகாது. ஆன்கால் ரோஸ்டர மாசத்துக்கு முன்னாடியே எழுத்துல குடுங்க, ராத்திரி கால் எடுத்தவனுக்கு மறுநாள் காலைல வேலை வேணாம், இந்த ரெண்டையும் கேளுங்க.

கேள்வி (ஐசியூ நர்ஸ், மதுரை): தொடர்ச்சியா நைட் டியூட்டி டாக்டர். டீ குடிச்சே ஓட்டறேன், பகல்ல தூக்கமே வரல.

பதில்: சிஸ்டர், அந்த டீதான் பாதி பிரச்சனை. உடம்புல போன கஃபீன் பாதியாகவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும், அதனால எட்டு மணிக்கு டியூட்டி முடியுதுன்னா ரெண்டு மூணு மணியோட டீய நிறுத்திடுங்க. காலைல வெளிய வந்ததும் கூலிங் கிளாஸ் போடுங்க, வெயில் கண்ணுல பட்டா மூளை பொழுது விடிஞ்சதுன்னு எடுத்துக்கும். ரூம் ஜன்னல்ல கனமான துணி, போன் சைலண்ட், வீட்ல இருக்கறவங்ககிட்ட "மதியம் ரெண்டு வரைக்கும் எழுப்பாதீங்க"ன்னு கறாரா சொல்லிடுங்க, நம்ம வீடுகள்ல பகல்ல தூங்கற பொண்ண சும்மா விடமாட்டாங்க, கேஸ் சிலிண்டர் வந்தாக்கூட எழுப்புவாங்க. சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு குட்டித் தூக்கம் போடுங்க. கண்ணு சொருகுதுன்னா வண்டிய எடுக்காதீங்க, டியூட்டி ரூம்லயே இருபது நிமிஷம் படுத்துட்டுப் போங்க, இத கெஞ்சிக் கேக்கறேன்.

இன்னொண்ணு, ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சுகர் பாத்துட்டீங்களா? 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல 15லருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தமே இல்லாம ஓடிட்டு அத பர்ன் அவுட்னு நெனச்சிட்டு இருக்கக்கூடாது.

கேள்வி (தி.நகர், ஜவுளிக்கடை சேல்ஸ்): காலைல இருந்து நின்னுட்டே இருக்கோம் மேடம், சிரிச்சிட்டே வேற இருக்கணும்.

பதில்: உக்கார்றது உங்க உரிமை. தமிழ்நாட்டுல 2021லயே கடைகள் நிறுவனங்கள் சட்டத்தத் திருத்தி, வேலை செய்யற எல்லாருக்கும் உக்கார வசதி பண்ணணும்னு கொண்டு வந்துட்டாங்க. தனியா போய் கேக்காதீங்க, செக்‌ஷன்ல இருக்கறவங்க எல்லாரும் சேந்து கேளுங்க. அந்தச் சிரிப்பும் வேலைதான், அதுக்கும் சத்து செலவாகுது. கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பம் ரேக்கையே காலி பண்ணி பிரிச்சுப் போட்டுட்டு "அப்புறமா வர்றோம்"னு எழுந்து போயிடும். அத ஒவ்வொண்ணா மடிச்சு அடுக்கறப்ப அடுத்த கஸ்டமர கூப்பிட வேணாம்னு சூப்பர்வைசர்கிட்ட பேசி வைங்க. யார் முகத்தையும் பாக்காத அந்தப் பத்து நிமிஷம் அவ்வளவு உதவும்.

கேள்வி: ராத்திரி பத்து மணிக்கு மேனேஜர் வாட்ஸ்அப் பண்றார், பாக்காம விட்டா பயமா இருக்கு.

பதில்: அவசரம்னா கால், மெசேஜ்னா காலைல பதில். இத டீம் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் ஒரு தடவ பேசி முடிவு பண்ணிடுங்க, அவரே பழகிப்பார். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்கறவங்களுக்கு, 35-40 மணி நேரம் பாக்கறவங்கள விட பக்கவாதம் வர்ற வாய்ப்பு 35 சதவீதம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனமும் ஐஎல்ஓவும் (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) 2021ல சொன்னாங்க. வீட்ல உக்காந்து மெசேஜுக்கு பதில் போடறதும் அந்தக் கணக்குலதான் வரும்.

கேள்வி: கம்பெனில வெள்ளிக்கிழமை யோகா வைக்கறாங்க, அது போதுமா?

பதில்: போங்க, உடம்புக்கு நல்லது. மூணு பேர் வேலைய ஒருத்தர் பாக்கறதுக்கு அது மருந்து இல்ல.

கேள்வி: வேலைய விட்றலாம்னு தினமும் தோணுது, ஆனா ஈஎம்ஐ இருக்கு. ஞாயித்துக்கிழமை கொழந்தையோட விளையாடக்கூட மனசு வரல.

பதில்: நீங்க கடைசியா எழுதின வரியத்தான் நான் முதல்ல பாக்கறேன். வேலை நேரத்துல மட்டும் வெறுப்புன்னா வேலைய மாத்திப் பாக்கலாம், பிடிச்சது எதுலயுமே மனசு ஒட்டல, அதுவும் ரெண்டு வாரத்துக்கு மேல அப்படியே இருக்குன்னா டிப்ரஷனான்னு பாக்கணும், அதுக்கு நல்ல ட்ரீட்மென்ட் இருக்கு. ராஜினாமா லெட்டர இப்போதைக்கு எழுதாதீங்க, முதல்ல ஒரு மனநல டாக்டரப் பாருங்க, ஜிஎச்லயே பாக்கலாம். இன்னிக்கே 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், 2022லருந்து நடக்குது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். உயிரோட இருக்கவே வேணாம்னு நெனப்பு வருதுன்னா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே கூப்பிடுங்க, வீட்லயும் ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. பேசிட்டு இங்க வந்து ஒரு வார்த்தை எழுதுங்க, நான் பாத்துட்டு இருப்பேன்.