‘அப்ரண்டிஸ்’ என்று வாயால் சொன்னால் போதுமா?

கேள்வி: என் மகன் ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு ஒரு பட்டறையில் எட்டு மாதமாக வேலை செய்கிறான். ‘நீ அப்ரண்டிஸ்தான்’ என்று மாதம் 7,000 ரூபாயைக் கையில் தருகிறார்கள். தினமும் 12 மணி நேரம், ஒரு மெஷினைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறான். ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. குறைந்தபட்ச ஊதியம் கேட்கலாமா? யாரிடம் போவது?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். அப்ரண்டிஸ் என்பது முதலாளி வாயால் சொல்லிவிட்டால் வந்துவிடுவதல்ல. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் எழுதி, அரசின் அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் பதிய வேண்டும். அப்படிச் சேர்ந்தவரைத்தான் அந்தச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்கிறது. குறைந்தபட்ச ஊதியத்துக்கு இப்போதுள்ள சட்டம், 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு. அது விலக்கி வைப்பதும் அவரைத்தான்.

அந்த 7,000 ரூபாய் என்ன கணக்கு என்று கேட்டால், 2019 விதித் திருத்தத்தில் ஐடிஐ முடித்தவருக்கு வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை அதே தொகைதான். சட்டத்திலிருந்து தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு, பயிற்சியை விட்டுவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. முறையான அப்ரண்டிஸாக இருந்தாலும் பயிற்சி ஆலோசகரின் (அப்ரண்டிஸ் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரி) ஒப்புதல் இல்லாமல் அவரிடம் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. பீஸ் ரேட்டும், அதாவது செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி கொடுப்பதும், கூடாது.

ஒன்றில் மட்டும் கவனம். ஒப்பந்தம் பதிவாகவில்லை என்ற ஒரே காரணத்தால் அப்ரண்டிஸ் தொழிலாளி ஆகிவிட மாட்டார் என்று உத்தரப் பிரதேச மின்வாரிய வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் ‘பதிவு இல்லை’ என்பதோடு நிற்காதீர்கள். மகன் செய்வது உற்பத்தி வேலை என்று காட்ட வேண்டும். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். இன்று எத்தனை மணிக்கு உள்ளே போனான், எப்போது வெளியே வந்தான், எந்த மெஷின், எத்தனை பீஸ், யார் வேலை சொன்னது என்று தினமும் இரண்டு வரி. சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ‘நாளைக்கு நைட் ஷிஃப்ட் வா’ போன்ற செய்திகளை அழிக்க வேண்டாம். சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை, வகுப்பு இல்லை, எட்டு மாதமும் ஒரே வேலை என்றால் அதைப் பயிற்சி என்று வாதாடுவது அவர்களுக்குத்தான் சிரமம்.

அப்புறம், எந்த அலுவலகம் என்பது. இதில்தான் பலர் அலைகிறார்கள். பதிவான ஒப்பந்தம் இருந்து உதவித்தொகையில் தகராறு என்றால் பயிற்சி ஆலோசகரிடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம். உங்கள் விஷயம் அதுவல்ல. நீங்கள் போக வேண்டியது தொழிலாளர் துறைக்கு. முதலில் போர்ட்டலில் மகன் பெயரில் ஒப்பந்தம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அவனுக்கே தெரியாமல் இருக்கவும் கூடும்.

ஊதியத் தொகுப்பின்படி மனுப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. குறைத்துக் கொடுத்த தொகையோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் அதிகாரி உத்தரவிடலாம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தனி. ஊதியத்தைச் சரியாகக் கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. கையில் காசாகக் கொடுத்தவருக்கு அது சுலபமில்லை. ‘இந்தச் சம்பளத்துக்குச் சம்மதம்’ என்று மகன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம், அது செல்லாது.

மனுப் போட அவன் வேலையை விட வேண்டிய அவசியம் இல்லை. தன் பெயரில் போடத் தயங்கினால், அவன் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற தொழிற்சங்கமோ தொழிலாளர் துறை ஆய்வாளரோ அவனுக்காகப் போடலாம்.